கராஜ் தரையில் ஊறும் ஈரம்

1

எங்கள் வீட்டுக் கராஜின் தரை காய்வதே இல்லை.

கராஜ் என்பது கார் நிறுத்தும் அறை. வீட்டோடு ஒட்டிக் கட்டி, அடுப்படியிலிருந்தே இறங்கிப் போகக் கதவு வைத்திருப்பார்கள். இந்த ஊரில் பாதிப் பேர் அதில் காரை நிறுத்துவதில்லை. உடைந்த சைக்கிள், பழைய மெத்தை, பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன துணிமணி எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். எங்கள் வீட்டில் என் தம்பி கருப்பசாமி அங்கே குடியிருந்தான்.

அவன் அந்த அறையை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது. போன சனிக்கிழமைதான் முதல்முறையாக எங்களைப் பார்க்க வந்தான். வந்தபோது நடந்ததை யாரிடமும் சொல்ல முடியவில்லை. ஊரில் சொன்னால் அம்மா அழுவாள். இங்கே சொல்ல எனக்கு ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் எம்.ரெட்டியபட்டிக்குப் பக்கத்தில் ஒரு கரிசல்காட்டுக் கிராமம். அப்பாவும் அம்மாவும் பருத்திக் காட்டில் கூலி வேலை பார்த்துத்தான் எங்களை வளர்த்தார்கள். வீட்டுக்காரர் கணேசனுக்குக் காரியாபட்டி. கல்யாணமாகி, கயல் பிறந்து, அவள் நடக்கப் பழகிய பிறகு கனடாவுக்கு வந்தோம். மேற்குக் கரையில், கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். அவர் பிளாஸ்டிக் சாமான் செய்யும் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறார். நான் வயசானவர்கள் இருக்கும் ஒரு விடுதியில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை பார்க்கிறேன். கயல் இப்போது ஒன்பதாம் வகுப்பு.

இங்கே மழை ஐப்பசியில் தொடங்கினால் பங்குனி வரைக்கும் விடுவதில்லை. நம்மூர் மழை மாதிரி இடித்து, மின்னி, அடித்துப் பெய்துவிட்டு வெயிலுக்கு வழிவிடாது. மாவு சலித்த மாதிரி நாள் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும். முதல் வருடம் எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. ஜன்னலில் நின்று வீடியோ எடுத்து ஊருக்கு அனுப்பினேன். இப்போது துணி காயப்போட இடமில்லாமல் அதே ஜன்னலில் நின்று திட்டுகிறேன்.

2

கருப்பசாமி அருப்புக்கோட்டையில் பாலிடெக்னிக் படித்தவன். சென்னையில் கொஞ்ச நாள் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்து இன்னொரு படிப்புப் படித்தான். படிப்பு முடிந்ததும் ஒரு குடோனில் ராத்திரி ஷிப்டு வேலை கிடைத்தது. தனியாக ரூம் எடுக்க அவனால் முடியாது. எங்கள் வீட்டில் இருப்பதே இரண்டு படுக்கையறை.

"மாப்ள வெளிய எங்கயும் போக வேண்டாம். கராஜ ரூமாக்கிருவோம்" என்றார் என் வீட்டுக்காரர்.

இரண்டு பேரும் சேர்ந்து பலகை அடித்தார்கள். சிமெண்டுத் தரை குளிரும் என்று சுவருக்குச் சுவர் தடிமனான கம்பளம் விரித்தோம். கட்டில், மேசை, ஒரு ஹீட்டர். கயல் அவனுக்காக ஒரு விளக்கு மாட்டினாள். பார்க்க நன்றாகவே இருந்தது.

முதல் குளிர்காலத்திலேயே ஒரு வாடை வந்தது. நனைந்த சாக்கைச் சுருட்டி மூலையில் போட்டு மறந்துபோன வாடை. அவன் வேலைக்குப் போடும் பூட்ஸ்தான் காரணம் என்று நினைத்து அதை வெளியே வைக்கச் சொன்னேன். வாடை போகவில்லை. ஒரு நாள் கட்டிலை நகர்த்திக் கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கினால், அடியில் கறுப்பும் பச்சையுமாகப் பூசணம் படர்ந்திருந்தது. அட்டைப்பெட்டியில் இருந்த அவன் சர்டிபிகேட் உறையிலும் புள்ளி புள்ளியாக ஏறியிருந்தது. சுவர் ஓரத்துச் சிமெண்டில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கை வைத்தேன். தரை ஜில்லென்று நனைந்திருந்தது. மேலே இருந்து ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

ஊரில் பூசணம் என்றால் மீந்துபோன சோற்றிலும் உடைத்து வைத்த தேங்காயிலும் பார்த்திருக்கிறேன். வீட்டுத் தரையில் பூசணம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. துணியால் துடைத்துவிட்டுக் கம்பளத்தை மறுபடி விரித்துவிட்டோம்.

அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"ஏத்தா, தரையில தண்ணி ஊறுதா? நல்ல ஊத்துக்கண்ணு மேலதான் வீட்ட வாங்கியிருக்கீக. ஒரு ஓரமாத் தோண்டித் தொட்டி கட்டிக்கிரலாம்ல?"

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் வீட்டுக்குச் சிமெண்டுத் தரை போட்டபோது நான் எட்டாவது படித்தேன். புதுச் சிமெண்டு வெடிக்காமல் இருக்க அதன் மேல் மண்ணால் வரப்புக் கட்டி நாள்கணக்கில் தண்ணீர் நிறுத்த வேண்டும். தெருக் குழாயில் குடிக்கவே தண்ணீர் வராத வெயில்காலம் அது. நானும் கருப்பசாமியும் தோட்டத்துக் கிணற்றுக்குப் போய், அங்கே கெஞ்சி, குடத்தில் நானும் தூக்குவாளியில் அவனும் கொண்டுவந்து ஊற்றினோம். ஊற்றிய தண்ணீர் சுர்ரென்று உள்ளே போய்விடும். அப்படியும் நடுவில் ஒரு விரிசல் விழுந்தது. இன்றைக்கும் அந்த விரிசலுக்கு மேல்தான் அம்மா பாய் விரிக்கிறாள்.

3

அடுத்த குளிர்காலத்தில் கருப்பசாமிக்கு இருமல் பிடித்தது. சளி இருமல் இல்லை. மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் விசில் மாதிரி ஒரு சத்தம். ஊரில் இருந்த வரை அவனுக்கு ஒரு தும்மல் வந்து நான் பார்த்ததில்லை.

டாக்டரிடம் கூட்டிப்போனேன். எங்கள் முறை வரவே பொழுது பாதி போய்விட்டது. அந்த டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "உங்கள் வீட்டில் மோல்டு இருக்கிறதா?" என்று கேட்டார்.

தம்பி, "வீட்டில் இல்லை, மச்சான் வேலை பார்க்கிற கம்பெனியில் நிறைய இருக்கிறது" என்றான்.

டாக்டர் குழம்பிப்போனார். நானும் தலையாட்டினேன். என் வீட்டுக்காரர் நாள் முழுக்க மோல்டு மோல்டு என்றுதான் பேசுவார். பிளாஸ்டிக்கைக் காய்ச்சி ஊற்றும் இரும்பு அச்சுக்கு அவர்கள் சொல்லும் பெயர் அது. பூசணத்துக்கும் இங்கே அதே பெயர்தான் என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. தம்பியும் அங்கேதான் வேலை பார்க்கிறான் என்று எடுத்துக்கொண்டு, டாக்டர் கம்பெனியைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டு எழுதிக்கொண்டார். வாயில் வைத்து மூச்சோடு இழுக்கும் மருந்து ஒன்று கொடுத்து, வேலை இடத்தில் முகமூடி போடச் சொல்லி அனுப்பிவிட்டார்.

சாயங்காலம் கயலிடம் சொன்னபோதுதான் அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ அம்மா! மோல்டுன்னா அந்தக் கார்ப்பெட்டுக்குக் கீழ இருக்குல்ல, அதும்மா!"

முதலில் எல்லோரும் சிரித்தோம். கருப்பசாமிதான் ரொம்பச் சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறி, அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தபோது மற்றவர்கள் நிறுத்திவிட்டோம்.

4

அதற்குப் பிறகு அந்தத் தரையோடு நாங்கள் போராடியதைச் சொல்லி மாளாது.

கம்பளத்தைக் கிழித்து எறிந்தோம். முகமூடி போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீரால் தேய்த்தேன். அதற்குப் பிறகு பிளீச், அதற்குப் பிறகு வினிகர். தேய்த்த அன்றைக்குத் தரை பளிச்சென்று இருக்கும். அடுத்த வாரம் அதே மூலையில் ஊசி குத்திய மாதிரி கறுப்புப் புள்ளி எட்டிப்பார்க்கும். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் மெஷின் ஒன்று வாங்கி வைத்தோம். அது இரைந்துகொண்டே இருந்தது. அதன் வாளியில் நிறைந்த தண்ணீரைக் கொண்டுபோய்க் கொட்ட எனக்கு ஒவ்வொரு தடவையும் மனசு வராது. தோட்டத்துச் செடிக்கு ஊற்றலாம் என்றால் அந்தச் செடியே அழுகி நின்றது.

என் வீட்டுக்காரர் ஈரம் ஏறவிடாது என்று எபாக்ஸி பெயிண்ட் வாங்கி வந்து இரண்டு பூச்சு அடித்தார். கண்ணாடி மாதிரி மின்னியது. மழை வலுத்ததும் அந்தப் பூச்சு அம்மை போட்ட மாதிரி கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. ஒரு கொப்புளத்தைக் குத்தினேன், உள்ளே தண்ணீர்.

கயல்தான் இணையத்தில் படித்துவிட்டு ஒரு காரியம் செய்தாள். ஒரு பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து நாலு ஓரத்தையும் டேப்பால் ஒட்டினாள். "மேல தண்ணி இருந்தா காத்துல இருந்து வருது. கீழ இருந்தா மண்ணுல இருந்து வருது" என்றாள். மறுநாள் பிரித்துப் பார்த்தோம். தாளின் மேல்பக்கம் காய்ந்திருந்தது, அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர்.

தரை வேலை தெரிந்த ஒருவரை வரவழைத்துக் காட்டினோம். சிமெண்டு கெட்டியாகத் தெரிந்தாலும் அதற்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி மண்ணின் ஈரத்தை மேலே இழுக்கும் என்றார். தரை போடும்போதே அடியில் ஜல்லியும் பிளாஸ்டிக் விரிப்பும் போட்டிருக்க வேண்டும், இந்தப் பழைய வீட்டில் போடவில்லை. முழுத் தரையையும் உடைத்தெடுத்துப் புதிதாகப் போட்டு, சுற்றிலும் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். எவ்வளவு ஆகும் என்று சொன்னார். அவர் போன பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை.

போகிறபோது இன்னொன்றும் சொன்னார். பக்கத்து வீடு எங்களைவிட மேட்டில் இருக்கிறது. அந்தக் கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் எங்கள் கராஜ் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. அதைத் திருப்பினாலே கொஞ்சம் குறையும் என்றார்.

பக்கத்து வீட்டுக்காரர் வயசானவர், தனியாக இருக்கிறார். கருப்பசாமியும் என் வீட்டுக்காரரும் போய்க் கேட்டார்கள். பார்க்கிறேன் என்றார். அவர் முகம் கொஞ்சம் சுருங்கியதாகத் தம்பி வந்து சொன்னான். குழாய் அப்படியேதான் இருந்தது.

5

அது நடந்து கொஞ்ச நாளில், ஒரு மத்தியானம், வாசலில் மணி அடித்தது. நகராட்சி அட்டை தொங்கவிட்ட ஒரு பெண். கராஜைப் பார்க்க வேண்டும் என்றாள். வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். கயல் பள்ளிக்கூடத்தில். தம்பி ஷிப்டு முடிந்து கராஜில் தூங்கிக்கொண்டிருந்தான்.

ரேஷன் கார்டு சரிபார்க்க வந்தவருக்கே வாசலில் வைத்து மோர் கொடுத்து அனுப்பிய ஆட்கள் நாங்கள். இவளை எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. அவளே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

கதவைத் திறந்ததும் தம்பி கைலியோடு எழுந்து உட்கார்ந்தான். இருமினான்.

"இங்கே இவர் தூங்குகிறாரா?"

"இல்லை. கொஞ்சம் படுத்திருக்கிறான்" என்றேன். அந்தப் பாஷையில் எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

அவள் கட்டிலைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள், குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தாள். இவன் என் சொந்தத் தம்பி, வாடகைக்கு இருப்பவன் இல்லை, எனக்குப் பிறகு என் அம்மா வயிற்றில் பிறந்தவன் என்று சொல்ல வந்து, எப்படியோ அவனை என் வயிற்றில் பிறந்தவன் என்று சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. நிதானமாக, குழந்தைக்குச் சொல்வது போல ஒவ்வொன்றாகச் சொன்னாள். இந்த அறைக்கு ஜன்னல் இல்லை. தீப்பிடித்தால் வெளியேற வழி போதாது. இந்த ஈரத்தில் மனிதர் படுக்கக் கூடாது. அவருடைய உடம்புக்காகத்தான் இந்தச் சட்டம்.

அவள் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை.

"தரையைச் சரிசெய்ய நீங்கள் உதவுவீர்களா?" என்று கேட்டேன்.

அது எங்கள் வேலை இல்லை, வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் பொறுப்பு என்றாள். ஆரஞ்சு நிறத்தில் ஒரு தாளைக் கதவில் ஒட்டினாள். மாத முடிவுக்குள் யாரும் அங்கே தங்கக் கூடாது. செருப்பை மாட்டிக்கொண்டே, "உதவி கேட்டு நீங்களே கூப்பிட்டது நல்லது. உங்கள் மகள் போனில் அழகாகப் பேசினாள்" என்றாள்.

கயல் பள்ளியிலிருந்து பையைக்கூட இறக்காமல் ஓடிவந்தாள். "வந்தாங்களாம்மா? எப்ப சரிபண்ணுவாங்களாம்?"

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் கராஜ் கதவைக் காட்டினேன். அவள் தாளை வாசித்தாள். வாசித்து முடித்தும் அங்கேயே நின்றாள். அவளை அடிக்கவும் கை வரவில்லை, கட்டிக்கொள்ளவும் கை வரவில்லை. போன் செய்தால் யாரோ வந்து காப்பாற்றுவார்கள் என்று நம்பும் ஊரில் அவள் வளர்ந்திருக்கிறாள். அதிகாரி கண்ணில் படாமல் இருந்தாலே பிழைத்துக்கொள்ளலாம் என்ற ஊரில் நான் வளர்ந்தேன். ஒரே அடுப்படியில் நின்றுகொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர், "மாப்ளைக்குத் தெரிய வேண்டாம். பிள்ள மேல வெறுப்பு வந்துரும்" என்றார்.

6

ஹாலில் படுத்துக்கொள் என்று எவ்வளவோ சொன்னோம். "ராத்திரி வேலைக்குப் போயிட்டுப் பகல்ல ஹால்ல தூங்குனா நீங்க எங்கக்கா பொழங்குவீங்க?" என்று கேட்டான். உள்நாட்டில், பஸ்ஸில் அரை நாள் போகும் தூரத்தில், மரம் அறுக்கும் மில் ஒன்றில் வேலை தேடிக்கொண்டான். மழை குறைந்த பக்கம், உடம்புக்கும் நல்லது என்றான்.

போகும் அன்றைக்குப் பக்கத்து வீட்டைப் பார்த்து, "கொழாயத் திருப்பச் சொன்னதுக்கு என்னையவே தெருவுல நிறுத்திட்டான் கெழவன்" என்றான். நாங்கள் இருவரும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பேச்சை மாற்றினோம். கயல் மாடியிலிருந்து இறங்கவே இல்லை.

பிறகு போனில் பேசும்போதெல்லாம் இருமல் நின்றுவிட்டது என்பான். ரூம் நல்லா இருக்கு என்பான். கயலைக் கேட்டதாகச் சொல்லு என்பான். அவளிடம் போனை நீட்டினால், ஹோம்வொர்க் இருக்கிறது என்று போய்விடுவாள். முன்பெல்லாம் மாமா மாமா என்று அவன் பின்னாலேயே திரிந்த பிள்ளை. எங்களோடும் தமிழில் பேசுவதைக் குறைத்துவிட்டாள்.

7

போன சனிக்கிழமை காலையில் வந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கயலுக்கு ஒரு கம்பளித் தொப்பி வாங்கி வந்திருந்தான். அவள் வாங்கிக்கொண்டு தேங்க்ஸ் என்றாள், அவ்வளவுதான்.

நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். வெளியே பக்கத்து வீட்டுக்காரர் குப்பைத் தொட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. கருப்பசாமி ஜன்னல் வழியாகப் பார்த்தான். தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டான்.

"ஏய் கருப்பு, வேண்டாம்டா!" என்று நான் கத்துவதற்குள் அவரை மறித்து நின்றான். எதற்காக எங்கள் மேல் புகார் கொடுத்தாய், நான் உனக்கு என்ன கெடுதல் செய்தேன் என்று அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்கிறான். அந்த மனுஷன் ஒன்றும் புரியாமல் தொட்டியின் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். என் வீட்டுக்காரர் தம்பியின் தோளைப் பிடித்து இழுக்கிறார்.

கயல் வெறுங்காலோடு தூறலில் ஓடினாள்.

"மாமா! அவர் இல்ல. நான். நாந்தான் கால் பண்ணேன்."

கருப்பசாமி திரும்பிப் பார்த்தான். அவள் அந்தப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டாள். தம்பியும் ஒரு வார்த்தை மன்னிப்புச் சொன்னான். அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

தம்பி உள்ளே வந்து, அடுப்படியிலிருந்து கராஜுக்கு இறங்கும் படியில் உட்கார்ந்தான். அவனுக்கு எதிரே காலியான தரை. அதில் பாதி பூச்சு உரிந்து கிடந்தது. கயல் கொஞ்சம் தள்ளி நின்றாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ஏம்மா என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?" என்று அவளைக் கேட்டான்.

"என் ரூம் இதுக்கு மேலதான மாமா. ஸ்கூல் விட்டு வந்தா நீங்க இருமுறது டெய்லி கேக்கும். கேட்டுட்டே இருப்பேன். நின்னுட்டா இன்னும் பயமா இருக்கும்." அவளுக்குத் தமிழ் திக்கியது. திக்கினாலும் இங்கிலீஷுக்குத் தாவவில்லை. "அவங்க வந்து ஃப்ளோரைச் சரிபண்ணுவாங்கன்னு நெனச்சேன். உங்களப் போகச் சொல்லுவாங்கன்னு தெரியாது. ப்ராமிஸ், தெரியாது மாமா."

தம்பி அவளைக் கிட்டே கூப்பிட்டுத் தன் துண்டால் தலையைத் துவட்டினான். துவட்டும்போது இருமல் வந்தது. முகத்தைத் திருப்பி அடக்கப் பார்த்தான், முடியவில்லை. நெஞ்சுக்குள் அதே விசில். கயலின் கண் விரிந்தது.

"இருமல் நின்னுருச்சுன்னு சொன்னியேடா" என்றேன்.

துண்டை மடித்துக்கொண்டே எதிரே இருந்த தரையைக் காட்டினான்.

"அக்கா, இப்ப இருக்கிறது தரைக்குக் கீழ ஒரு ரூமு. நாலு பேரு படுக்கோம். சுவரு முழுக்கக் கறுப்பு. இது அதுக்கு எவ்வளவோ தேவல."

எப்போது வீடியோவில் வந்தாலும் அவன் ரோட்டில் நின்று பேசியதற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது. என் வீட்டுக்காரர் வெளியே பார்த்துத் திரும்பிக்கொண்டார். இங்கேயே வந்துவிடு என்று சொல்ல எங்களுக்கு இடம் இல்லை. ஊருக்குப் போய்விடு என்றால் அவன் போக மாட்டான்.

அவன் கயலின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீ செஞ்சது தப்பில்ல கயலு. மாமாவுக்குக் கோவம் இல்ல. ஆனா இத மட்டும் யாருக்கும் போன் பண்ணிச் சொல்லிராதம்மா. அதுவும் போச்சுன்னா மாமாவுக்குப் போறதுக்கு வேற எடமில்ல."

கயல் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். சொல்லாதே என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, சொல் என்று சொல்லவும் வரவில்லை.

"தோச ஆறுது, வந்து சாப்பிடுங்க" என்றேன்.